பராமரிப்பில் குறையில்லை, மைலேஜ் ஏன் குறைகிறது?

விசை, உராய்வு, இயக்க ஆற்றல், விகிதம், சராசரி, வட்டத்தின் சுற்றளவு ஆகியவற்றை நாம் வெவ்வேறு வகுப்புகளில் தனித்தனிப் பாடங்களாக நடத்துகிறோம். மாணவர்களும் அவற்றைத் தனித்தனியாகவே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். இவை அனைத்தையும் ஒரே இடத்தில் சேர்க்கும் கேள்வி ஒன்று ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் இருக்கிறது. "வண்டியை ஒழுங்காக சர்வீஸ் விடுகிறேன், ஆயில் மாற்றுகிறேன், காற்று பிடிக்கிறேன், ஆனாலும் மைலேஜ் ஏன் குறைவாக இருக்கிறது?" என்பதே அது.

உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தும் நான் இந்தக் கேள்வியை மூன்று வாரங்களுக்கு ஒரு செயல்திட்டமாக ஒன்பதாம் வகுப்பில் எடுத்துக்கொண்டேன். கணக்கு ஆசிரியரும் உடன் இருந்தார். அதில் பயன்பட்டவற்றைப் பிற ஆசிரியர்களும் தம் வகுப்புக்கேற்ப எடுத்தாளலாம் என்பதால் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலில் அளவீடு

காரணம் தேடுவதற்கு முன் மைலேஜ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "உங்கள் வீட்டு வண்டி எவ்வளவு கொடுக்கிறது?" என்று கேட்டபோது எல்லாரும் ஓர் எண்ணைச் சொன்னார்கள். "அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்ற அடுத்த கேள்விக்கு வகுப்பு அமைதியாகிவிட்டது. பெரும்பாலான எண்கள் வண்டி வாங்கிய அன்று கடைக்காரர் சொன்னவை.

நம்பத்தக்க எளிய முறை, டேங்கை நிரப்பி நிரப்பிக் கணக்கிடுவது. டேங்கை முழுதாக நிரப்பி, ஓடிய தூரம் காட்டும் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில நாள் ஓட்டிய பின் அதே பங்கில் மறுபடி முழுதாக நிரப்ப வேண்டும். இடையில் ஓடிய தூரத்தை, இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ் கிடைக்கும்.

இந்த முறையிலும் பிழை உண்டு. பங்கில் ஆட்டோ கட் ஆகும் இடம் ஒவ்வொரு முறையும் சற்றே மாறும். அந்த வேறுபாடு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான மைலேஜ் 20 ஆக உள்ள கார் 200 கி.மீ. ஓடினால் 10 லிட்டர் பிடிக்கும். அரை லிட்டர் கூடினால் கணக்கில் 19 வரும், குறைந்தால் 21 வரும். அதே கார் 600 கி.மீ. ஓடி 30 லிட்டர் பிடித்தால், அதே அரை லிட்டர் பிழையால் விடை 19.7-க்கும் 20.3-க்கும் இடையிலேயே நிற்கும். ஒரே ஒரு முறை நிரப்பிப் பார்த்துவிட்டு மைலேஜ் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுகொண்டார்கள்.

சராசரியிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கார் ஊருக்குள் 120 கி.மீ. ஓடும்போது லிட்டருக்கு 12, நெடுஞ்சாலையில் 120 கி.மீ. ஓடும்போது லிட்டருக்கு 20 தருகிறது. மொத்தத்தில் சராசரி என்ன? வகுப்பு முழுவதும் 16 என்றது. கணக்கிட்டுப் பார்த்தால், ஊருக்குள் 10 லிட்டர், நெடுஞ்சாலையில் 6 லிட்டர், ஆக 240 கி.மீ. தூரத்துக்கு 16 லிட்டர். எனவே மைலேஜ் 15. தூரம் சமமாக இருக்கும்போது வேண்டியது கூட்டுச் சராசரி அன்று, இசைச் சராசரி என்பதை இதைவிட எளிதாக விளக்கும் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

விளம்பரத்தில் உள்ள எண்

நம் நாட்டில் விற்கும் கார்களுக்குச் சொல்லப்படும் மைலேஜ், புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் போன்ற சோதனை மையங்களில் அளக்கப்படுவது. காரை உருளைகளின் மேல் நிறுத்தி, வகுத்து வைத்த வேக அட்டவணைப்படி ஓட்டுவார்கள். இதுவரை நடைமுறையில் இருந்துவரும் இந்திய ஓட்டுச் சுழற்சி இருபது நிமிடங்களுக்கும் குறைவானது. அதன் உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. குளிர்சாதனம் அணைக்கப்பட்டிருக்கும். மேடும் பள்ளமும் மாடும் திடீர் பிரேக்கும் அங்கே இல்லை.

எனவே அந்த எண் பொய் என்று மாணவர்களிடம் சொல்லிவிடக் கூடாது. எல்லாக் கார்களையும் ஒரே நிபந்தனையில் ஒப்பிடுவதற்கு அது தேவை. நம் தெருவுக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். கட்டுப்படுத்தப்பட்ட சோதனை என்றால் என்ன என்பதை விளக்க இது நல்ல இடம்.

ஒரு லிட்டரில் எவ்வளவு ஆற்றல்?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 32 மெகா ஜூல் ஆற்றல் வெளிப்படும். அதில் சுமார் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகும் வேலையாக மாறுகிறது. மீதி புகைபோக்கி வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. ஆக, கணக்குக்கு ஒரு லிட்டருக்கு 8 மெகா ஜூல் என்று வைத்துக்கொண்டோம்.

இங்கேயே பராமரிப்புக்குச் சம்பந்தம் இல்லாத ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. எத்தனாலின் ஆற்றல் லிட்டருக்குச் சுமார் 21 மெகா ஜூல்தான். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் 25.6 + 4.2, அதாவது 29.8 மெகா ஜூல் இருக்கும். தூய பெட்ரோலைவிட இது ஏறக்குறைய 7 விழுக்காடு குறைவு. 10 விழுக்காடு கலந்ததோடு ஒப்பிட்டால் குறைவு 3.5 விழுக்காட்டை ஒட்டி வரும். இந்தியாவில் 10 விழுக்காடு கலப்பு 2022-இல் எட்டப்பட்டது. 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. பழைய எரிபொருளுக்கென வடிவமைத்த கார்களில் 6 முதல் 7 விழுக்காடு வரையும், புதிய கலப்புக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டவற்றில் 1 முதல் 2 விழுக்காடு வரையும் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. எஞ்சினுக்கேற்ப விளைவு மாறுவதற்குக் காரணம், எத்தனாலின் ஆக்டேன் எண் கூடுதலாக இருப்பதால், அதற்கென அமைத்த எஞ்சின் இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடும்.

அந்த ஆற்றல் எங்கே போகிறது?

1000 கிலோகிராம் நிறையுள்ள சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொண்டோம். சமதரையில் சீரான வேகத்தில் போகும்போது அதை இரண்டு விசைகள் தடுக்கின்றன. ஒன்று டயரின் உருளல் தடை. அது சுமார் 120 நியூட்டன், வேகத்தால் பெரிதாக மாறாது. மற்றொன்று காற்றின் தடை. அது வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கரும்பலகையில் நாங்கள் எழுதிய மாதிரிக் கணக்கு இது:

மணிக்கு 36 கி.மீ. (நொடிக்கு 10 மீ.): காற்றுத் தடை 42, உருளல் தடை 120, மொத்தம் 162 நியூட்டன்.

மணிக்கு 72 கி.மீ. (நொடிக்கு 20 மீ.): காற்றுத் தடை 168, உருளல் தடை 120, மொத்தம் 288 நியூட்டன்.

மணிக்கு 108 கி.மீ. (நொடிக்கு 30 மீ.): காற்றுத் தடை 378, உருளல் தடை 120, மொத்தம் 498 நியூட்டன்.

காற்றுத் தடை மட்டும் 1 : 4 : 9 என்ற விகிதத்தில் ஏறுவதை மாணவர்களே சொன்னார்கள். விசையை 1000 மீட்டரால் பெருக்கினால் ஒரு கிலோமீட்டருக்கான வேலை கிடைக்கும். 162 நியூட்டன் என்றால் 162 கிலோ ஜூல். 8 மெகா ஜூலை இவற்றால் வகுத்தால், லிட்டருக்கு முறையே 49, 28, 16 கி.மீ. வருகிறது. புறவழிச்சாலையில் நூறைத் தாண்டி ஓட்டிவிட்டு மெக்கானிக்கைக் குறை சொல்லக் கூடாது என்பது கடைசி எண்ணிலிருந்தே தெரிகிறது.

ஆனால் 49 என்ற எண்ணைக் கண்டதும் ஒரு மாணவன், "எங்க மாமா கார் மெதுவாத்தான் போகும், பதினஞ்சுதான் குடுக்குது டீச்சர்" என்றான். மாதிரிக்கும் நடப்புக்கும் இடையே இவ்வளவு இடைவெளி ஏன்? இந்த இடைவெளியைத் தேடுவதுதான் செயல்திட்டத்தின் சிறந்த பகுதியாக அமைந்தது. நான்கு காரணங்களைப் பட்டியலிட்டோம்.

ஒன்று, நின்று நின்று போவது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அந்தக் காரின் இயக்க ஆற்றல் 50 கிலோ ஜூல். பிரேக் பிடித்தால் அது முழுவதும் பிரேக்கில் வெப்பமாகிறது. மறுபடி அதே வேகத்தை எட்ட ஏறக்குறைய 6 மில்லி லிட்டர் பெட்ரோல் வேண்டும். 10 கி.மீ. பயணத்தில் 40 முறை நின்றால் கால் லிட்டர் அதற்கே போய்விடும். வேகம் இருமடங்கானால் ஒரு பிரேக்கின் விலை நான்கு மடங்கு, அதாவது 25 மில்லி லிட்டர். முன்னால் சிக்னல் தெரிந்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக உருளவிடும் ஓட்டுநர் ஏன் மிச்சம் பிடிக்கிறார் என்பது இதில் விளங்கும்.

இரண்டு, குறைந்த சுமையில் எஞ்சினின் திறமைக்குறைவு. கால் பங்கு ஆற்றல் வேலையாக மாறும் என்பது நல்ல நிலைமையில்தான். மெதுவாகப் போகும்போது தன் உறுப்புகளின் உராய்வைச் சமாளிப்பதற்கே எஞ்சின் பெரும்பங்கைச் செலவிடுகிறது. நின்றுகொண்டு ஓடும் எஞ்சினுக்கு மைலேஜ் சுழியம்.

மூன்று, குளிர்ந்த எஞ்சின். ஆயில் கெட்டியாக இருக்கும், பெட்ரோலும் கூடுதலாகச் செலுத்தப்படும். இயல்பான வெப்பநிலையை எட்டச் சில கிலோமீட்டர் ஆகும். கடைக்கு இரண்டு கி.மீ., பள்ளிக்கு இரண்டு கி.மீ. என்று மட்டுமே ஓடும் கார், நல்ல நிலைக்கு வருவதற்கு முன்பே ஒவ்வொரு முறையும் அணைக்கப்பட்டுவிடுகிறது. வீட்டில் பத்திரமாக வைத்து, குறைவாக ஓட்டும் கார் மோசமான மைலேஜ் தருவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

நான்கு, குளிர்சாதனம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் நம் காரை நகர்த்தத் தேவையான திறன் 162 × 10, அதாவது 1.6 கிலோவாட். குளிர்சாதனத்தின் கம்ப்ரசரும் கிலோவாட் கணக்கில்தான் திறனை இழுக்கிறது. ஆக, ஊருக்குள் மெதுவாகப் போகும்போது வண்டியை நகர்த்துவதற்கு நிகரான வேலை, அதைக் குளிர்விப்பதற்கும் ஆகலாம்.

ஒரு மாணவியின் கேள்வி

இந்தப் பட்டியல் முடிந்ததும் ஒரு மாணவி, "அப்ப மைலேஜ் குறைஞ்சா யாரோ பெட்ரோல் எடுத்துட்டாங்கன்னு அர்த்தம் இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மாலையில் தனியாகக் கேட்டபோது விவரம் சொன்னாள். அவள் அப்பா ஒரு வீட்டில் கார் ஓட்டுநர். முன்பு லிட்டருக்கு 18 கொடுத்த கார் இப்போது 12 கொடுக்கிறது. கார் சர்வீஸ் முடிந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வண்டியில் குறையில்லை என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். "வண்டியில குறை இல்லைன்னா குறை யார்கிட்ட?" என்று வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். நேரடியாகத் திருட்டு என்று சொல்லவில்லை. ஆனால் அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள்.

மறுநாள் யாருடைய கார் என்று சொல்லாமல், எண்களை மட்டும் மாற்றுப் பயிற்சியாக வகுப்பில் கொடுத்தேன். முன்பு அந்தக் கார் நாள்தோறும் நெடுஞ்சாலையில் வெளியூர் அலுவலகத்துக்குப் போய்வந்தது. இப்போது ஊருக்குள்ளேயே நாளுக்கு 30 கி.மீ. பள்ளி வாசலிலும் டியூஷன் வாசலிலும் காத்திருக்கும் நேரம் அரை மணி. குழந்தைகள் ஏறும்போது உள்ளே குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது வீட்டாரின் உத்தரவு என்பதால், அந்த அரை மணியும் எஞ்சினும் குளிர்சாதனமும் ஓடிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்காரர் போட்ட கணக்கு: 30 ÷ 18 = 1.67 லிட்டர் போதும். செலவானது 2.5 லிட்டர். நாளுக்கு 0.83 லிட்டர் "காணவில்லை". 25 நாளில் ஏறக்குறைய 21 லிட்டர். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

மாணவர்கள் போட்ட கணக்கு: ஊருக்குள் ஓடும்போது லிட்டருக்கு 15 என்று கொண்டால் 30 கி.மீ. ஓட 2 லிட்டர். நின்றபடி குளிர்சாதனத்துடன் ஓடும் சிறிய காருக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் என்று கொண்டால் அரை மணிக்கு அரை லிட்டர். மொத்தம் 2.5 லிட்டர். 30 ÷ 2.5 = 12. ஒரு சொட்டும் காணாமல் போகவில்லை.

இங்கே நிறுத்திவிடக் கூடாது என்று நினைத்தேன். 15 என்பதும் ஒரு லிட்டர் என்பதும் நாம் எடுத்துக்கொண்ட எண்கள். விடை பொருந்துவதால் மட்டும் அது நிரூபணம் ஆகிவிடாது. "இதை எப்படிச் சோதிப்பது?" என்று கேட்டேன். ஒரு மாணவர் குழு சொன்ன வழி எளிமையானது: மற்ற எதையும் மாற்றாமல், காத்திருக்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு அளக்க வேண்டும். நம் கருதுகோள் சரியென்றால் மைலேஜ் 15-ஐ ஒட்டி வர வேண்டும். பெட்ரோல் உண்மையிலேயே வேறெங்கோ போகிறது என்றால் 12-லேயே நிற்க வேண்டும்.

அந்த மாணவி இதை வீட்டில் சொன்னாள். அவள் அப்பா வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, ஒரு நோட்டில் நாள், தூரம், காத்திருந்த நிமிடம், நிரப்பிய லிட்டர் எல்லாவற்றையும் எழுதினார். இரண்டு முறையும் நிரப்பும்போது வீட்டுக்காரரையே உடன் அழைத்துப் போனார். 12 நாளில் 360 கி.மீ., பிடித்தது 24.5 லிட்டர். மைலேஜ் 14.7. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பெட்ரோல் பற்றிய பேச்சு எழவில்லை என்று மட்டும் மாணவி சொன்னாள். வெளியே ஒரு நிமிடம் முன்னதாகக் கண்ணாடிகளை இறக்கிவைத்தால் போதும் என்று இப்போது முடிவு செய்திருக்கிறார்களாம்.

15 ஏன் வரவில்லை என்பதையும் பேசினோம். ஆட்டோ கட் பிழை, அந்த வாரத்துப் போக்குவரத்து, நாம் எடுத்துக்கொண்ட எண்ணின் தோராயம் என்று மாணவர்களே காரணம் சொன்னார்கள். விடை துல்லியமாக வராதது அவர்களை இப்போது உறுத்தவில்லை என்பதைக் கவனித்தேன்.

பராமரிப்பே எண்ணை மாற்றும்போது

புது டயர் போட்ட பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது என்று பலர் சொல்வதுண்டு. இதில் உண்மை இருக்கிறது. புது டயரின் குறுக்களவு 600 மி.மீ. என்று கொள்வோம். 6 மி.மீ. ஆழம் தேய்ந்த டயரின் குறுக்களவு 588 மி.மீ. சுற்றளவு 2 விழுக்காடு குறைவு. மீட்டர் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணித் தூரம் காட்டுவதால், தேய்ந்த டயரில் ஓடியதைவிட 2 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். புது டயர் மாற்றியதும் அந்தப் பொய்த் தூரம் மறைந்துவிடும். கூடவே, தடித்த புது டயரின் உருளல் தடையும் சற்று அதிகம். வண்டி கெடவில்லை, அளவுகோல்தான் மாறியிருக்கிறது.

எங்கள் ஊர்ப் பணிமனை மெக்கானிக் ஒருவரை வகுப்புக்கு அழைத்தோம். வழக்கமான சர்வீஸில் கண்ணுக்குத் தப்பும் குறைகளை அவர் சொன்னார். பிரேக் முழுதாக விடாமல் லேசாக உரசிக்கொண்டே இருக்கும். வண்டி ஓடி நின்றதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அதற்கு அடையாளம். தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டால் எஞ்சின் சூடாகாமலேயே ஓடும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது, பெட்ரோல் மட்டும் கூடும். ஆக்சிஜன் சென்சார் பழசானாலும் இப்படித்தான். அடைத்த ஏர் ஃபில்டர் பற்றி ஒரு மாணவன் கேட்டதற்கு, "கார்புரேட்டர் காலத்துல அது பெரிய விஷயம் தம்பி. இப்ப சென்சார் காத்துக்குத் தகுந்த மாதிரி பெட்ரோலைக் குறைச்சிடும். இழுவைதான் போகும், மைலேஜ் அவ்வளவா போகாது" என்றார். பாடநூலுக்கு வெளியே கிடைத்த நல்ல விளக்கம் அது.

வகுப்பறைக்குச் சில செயல்பாடுகள்

தொடக்க நிலை: பொம்மைக் காரைச் சாய்வான அட்டையிலிருந்து சிமெண்ட் தரை, சாக்கு, துண்டு ஆகியவற்றின் மேல் உருளவிட்டு, நிற்கும் தூரத்தைச் சாணால் அளக்கச் செய்யலாம். எந்தத் தரையில் அதிகத் தூரம் போகிறது, ஏன் என்று பேசவைக்கலாம்.

நடுநிலை: மிதிவண்டியின் சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, பத்துச் சுற்றுக்கு ஓடிய தூரத்தை அளக்கலாம். காற்று குறைவாக இருக்கும்போது மறுபடி அளந்து ஒப்பிடலாம். வட்டத்தின் சுற்றளவும் மீட்டர் வேலை செய்யும் விதமும் ஒன்றாகப் புரியும்.

உயர்நிலை: வீட்டு இருசக்கர வாகனத்துக்கு ஒரு மாதக் குறிப்பேடு எழுதச் செய்யலாம். தூரம், லிட்டர், பின்னால் ஆள் இருந்தாரா, ஊருக்குள்ளா வெளியிலா என்ற நான்கு கட்டங்கள் போதும். வண்டி இல்லாத வீட்டு மாணவர்கள் ஆட்டோ ஓட்டுநர்களிடமோ பள்ளிக்கு வரும் ஆசிரியர்களிடமோ தரவு பெறலாம். குழுவாகச் செய்தால் யாரிடம் வண்டி இல்லை என்பது வெளியே தெரியாது.

மதிப்பீட்டுக்கு நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஒரு காரின் மைலேஜ் 18-இலிருந்து 14 ஆகக் குறைந்துள்ளது. காரணத்தைச் சொல்வதற்கு முன் நீங்கள் கேட்க விரும்பும் ஐந்து கேள்விகளை எழுதுக." செயல்திட்டத்தின் தொடக்கத்திலும் இதே கேள்வியைக் கொடுத்திருந்தேன். அப்போது பெரும்பாலோர் "எஞ்சின் ரிப்பேர்" என்று விடையை எழுதினார்கள். முடிவில் "எத்தனை முறை நிரப்பிப் பார்த்தீர்கள்?", "டயர் மாற்றினீர்களா?", "எங்கே ஓட்டுகிறீர்கள்?", "எவ்வளவு நேரம் நின்றபடி ஓடுகிறது?" என்று கேள்விகளை எழுதினார்கள். அந்த மாணவியின் தாளில் ஐந்தாவதாக ஒரு கேள்வி இருந்தது: "ஓட்டுபவரிடம் கேட்டீர்களா?" அதற்கும் முழு மதிப்பெண் கொடுத்தேன்.